இருட்தெய்வங்களின் அடியார்கள் வென்று ஆளும் உலகத்தை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நல்லவர்கள் தோற்றுப்போன இடத்திலிருந்து தொடங்கும் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும்போது ஒரே இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவதைப் பார்க்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே கறுப்புக் கோபுரம் வந்துவிடும், பலிபீடம் வந்துவிடும், மக்கள் கதறிவிடுவார்கள். அப்புறம்? மறுநாள் காலையில் அந்த ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார் என்று எழுதியவருக்கே தெரியாது. இருபது பக்கத்தில் மூச்சு முட்டி நின்றுவிடும்.

நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் நின்றேன். மூன்றாம் தடவை வேலையின் வரிசையை மாற்றினேன், ஓடியது. அந்த வரிசைதான் இது. உதாரணத்துக்கு நான் அப்போது கட்டிய உலகத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். அதன் தெய்வத்தின் பெயர் அவிப்பான். விளக்கை அவிப்பவன்.

தொடங்கும் முன்

மூன்று முடிவுகள் கையில் இல்லாமல் முதல் படிக்குப் போகாதீர்கள்.

முதலாவது, அந்தத் தெய்வம் நிஜமாகவே இருக்கிறதா? இருந்து செயல்படுகிறதா, இருந்தும் வாய் திறப்பதில்லையா, இல்லவே இல்லாமல் பூசாரிகள் மட்டும் இருக்கிறார்களா? வாசகருக்கு இதைக் கடைசிப் பக்கம்வரை சொல்லாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெய்வம் நிஜமென்றால் எதிர்ப்பவர்கள் அதன் சக்தியை முறிக்க வேண்டியிருக்கும். பொய்யென்றால் மக்களின் பயத்தை முறித்தால் போதும். இரண்டும் வேறு வேறு கதைகள். பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் தையல் பிரிந்து தெரியும்.

இரண்டாவது, இடத்தின் அளவு. உலகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஒரு லட்சம் மக்கள். அவ்வளவுதான். மீதி உலகம் வணிகர்கள் கொண்டுவரும் வதந்தியாக இருக்கட்டும்.

மூன்றாவது, கொடுமையை எந்த அளவுக்கு நேரடியாகக் காட்டப்போகிறீர்கள் என்ற எல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்காதவர்கள், கதை தொய்யும் போதெல்லாம் ஒருவரைச் சித்திரவதை செய்து முட்டுக்கொடுக்கிறார்கள்.

வரைபடம், தெய்வங்களின் வம்சாவளி, புது மொழி எதுவும் இப்போது வேண்டாம். வரைபடம் போடுவது சுகமான வேலை. அதனால்தான் ஆறு மாதத்தைத் தின்றுவிடும்.

1. தெய்வத்தின் முகத்துக்கு முன்னால் பேரத்தை எழுதுங்கள்

புதியவர்கள் முதலில் எழுதுவது கொம்பும் கண்களும். அதைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று வரி எழுதுங்கள். தெய்வம் என்ன தருகிறது? பதிலுக்கு என்ன கேட்கிறது? அந்த விலையைக் கொடுப்பது யார்?

மூன்றாவது வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வரம் பெறுபவரே விலையும் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு துறவி. வரம் ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு என்றால் கிடைப்பது ஓர் அரசாங்கம். நீங்கள் எழுதப்போவது அரசாங்கத்தை என்பதால் விலையில் பெரும்பகுதி மற்றவர் தலையில் விழுந்தாக வேண்டும்.

அவிப்பானின் பேரம் இது. சத்தியம் செய்துகொண்டவருக்கு இருட்டில் கண் தெரியும். பகலிலும் விளக்கொளியிலும் தெரியாது. இருட்டிலும் உருவம் மட்டுமே தெரியும். நிறமும் மையெழுத்தும் தெரியாது. ஆகவே அவர்கள் ஆளும் மண்ணில் இரவில் எந்தச் சுடரும் இருக்கக் கூடாது. அடியார்கள் பகலை இழக்கிறார்கள், மற்ற எல்லாரும் இரவை இழக்கிறார்கள்.

‘அளவில்லாத சக்தி தருகிறார்’ என்று எழுதிவிடாதீர்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எது முடியாது என்று அளந்து எழுதுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்று வரியிலிருந்துதான் முளைக்கப்போகிறது. ‘மையெழுத்து தெரியாது’ என்று நான் போகிறபோக்கில் போட்ட சொற்கள்தான் ஐந்தாம் படியில் கதையையே தூக்கி நிறுத்தின.

2. எப்படி வென்றார்கள் என்பதற்கு இரண்டு காரணம் வையுங்கள்

ஒரு காரணம் பேரத்திலிருந்து வர வேண்டும். அவிப்பானின் படைக்கு அமாவாசை இரவு போதும். இன்னொரு காரணம் தோற்றவர்களிடமிருந்து வர வேண்டும். இதை எழுதத்தான் கை கூசும். தோற்றவர்கள் எல்லாரும் தங்கம், வெளியே இருந்து வந்தவர்கள் எல்லாரும் நஞ்சு என்று வைத்துக்கொண்டால் எழுதுவது எளிது, படிப்பது அலுப்பு.

வரலாற்றில் பாருங்கள். 1519-இல் மெக்சிகோ கரையில் இறங்கிய ஸ்பானியர்கள் சில நூறு பேர்தான். 1521-இல் தெனோச்தித்லான் நகரம் விழுந்தபோது அவர்களோடு நின்ற த்லஸ்கலா வீரர்களும் மற்ற உள்ளூர்க் கூட்டாளிகளும் பல்லாயிரம் பேர். அந்த நகரத்திலிருந்து ஆண்ட மெஷிகா (அஸ்தெக்) மக்களின் ஆதிக்கத்தின்மேல் இருந்த பழைய பகைதான் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது.

உங்கள் பள்ளத்தாக்கில் கதவைத் திறந்துவிட்டது யார்? என் உலகத்தில் மலையடிக் கிராமத்தார். பழைய தீபக் கோயில் பல தலைமுறையாக அவர்களிடம் எண்ணெய் வரி வாங்கியது. அவர்கள் வீட்டுக்குள் இருட்டு, கோயிலில் ஆயிரம் விளக்கு. படை வந்த இரவில் அவர்கள் மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வரிவிலக்கோடு வாழ்கிறார்கள், பள்ளத்தில் இருப்பவர்கள் யாரும் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. இப்படி ஒரு கூட்டம் இருந்தால் மோதல் தானாகவே ஊறும்.

3. வென்று எத்தனை ஆண்டு ஆகிறது என்று எண்ணில் எழுதுங்கள்

‘பல காலம் முன்பு’ என்ற சொல்லைத் தடை செய்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டு, முப்பது ஆண்டு, முந்நூறு ஆண்டு ஆகியவை மூன்று தனித்தனி உலகங்கள்.

மூன்று ஆண்டு என்றால் எல்லாருக்கும் எல்லாம் நினைவிருக்கும். பழைய அரசனின் படைவீரன் பக்கத்துத் தெருவில் இருப்பான். முப்பது ஆண்டு என்றால் அந்தக் காலத்தைப் பார்த்த கிழவர்களும் பார்க்காத இளைஞர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். சண்டை வீட்டுக்குள்ளேயே நடக்கும். நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தை வென்றார்கள். இருபதே ஆண்டில், 1086-இல், நிலங்களையெல்லாம் கணக்கெடுத்தபோது பெரிய நிலக்கிழார்களில் ஆங்கிலேயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சியிருந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் சொத்து கைமாறிவிடும் என்பதற்கு இதுவே போதும்.

முந்நூறு ஆண்டின் வினோதம் வேறு. 1645-இல், சீனத்தை வென்றுகொண்டிருந்த மஞ்சு அரசு, சீன ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும், இல்லாவிட்டால் தலை போகும் என்று ஆணையிட்டது. அதை எதிர்த்துக் கலகங்கள் நடந்தன, ரத்தம் ஓடியது. 1912-இல் அந்த அரசு போனபோது, பின்னலை வெட்ட மறுத்து அடம்பிடித்தவர்களும் இருந்தார்கள். முன்னோர் உயிரைக் கொடுத்து எதிர்த்தது இவர்களுக்குச் சொந்த வழக்கமாகிவிட்டது. முந்நூறு ஆண்டு உலகத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இப்படி ஒன்றையாவது வைக்க வேண்டும்.

நான் முப்பத்தைந்து ஆண்டு வைத்தேன். முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு 25-லிருந்து 40-க்குள் வைக்கச் சொல்வேன்.

4. பலிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள்

‘தினமும் நூறு பேரைப் பலி கொடுத்தார்கள்’ என்று ஒரு கைப்பிரதியில் இருந்தது. ஒரே ஒரு நகரம், ஒரு லட்சம் பேர். சரி, கூட்டலாம்.

நவீன மருத்துவம் வருமுன் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 35 முதல் 40 குழந்தைகள் பிறப்பது சாதாரணம். ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 3,500 முதல் 4,000. சாவும் அதை ஒட்டியே இருக்கும். நல்ல காலத்தில் ஐந்நூறு பேர் கூடினாலே பெரிது. தினம் ஒரு பலி என்றால் ஆண்டுக்கு 365, அந்த வளர்ச்சியில் முக்கால்வாசி போய்விடும். தினம் பத்து என்றால் 3,650. பிறக்கும் அத்தனை பேருக்கும் சமம். தினம் நூறு என்றால் மூன்று ஆண்டுக்குள் நகரமே காலி. பலியிட ஆள் இருக்காது. அதற்கு முன்பே அறுவடைக்கு ஆள் இருக்காது.

எண்ணிக்கையைக் குறைத்தால் பயம் குறைந்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம். ஆண்டுக்கு ஒன்பது பேர், யார் என்பது சீட்டில் தீர்மானமாகும் என்று வையுங்கள். ஒரு லட்சம் பேரும் அந்த ஒரு நாள் தூங்கமாட்டார்கள். அது மட்டுமல்ல, சீட்டில் பெயர் விழாமல் இருக்க யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பேச்சும் தானே கிளம்பும். அங்கே உங்களுக்கு நான்கு அத்தியாயம் இருக்கிறது.

படை, பூசாரி, ஒற்றன் எல்லாருக்கும் இதே கணக்கு. உழைக்காமல் சாப்பிடும் ஒவ்வொருவரையும் எத்தனை உழவர்கள் சுமக்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என் பள்ளத்தாக்கில் சத்தியம் செய்தவர்கள் 2,000 பேர். அதற்குமேல் அந்த மண் தாங்காது.

5. நடுவில் நிற்பவர்களைக் கட்டுங்கள்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். இரண்டாயிரம் பேர் ஒரு லட்சம் பேரை ஆள வேண்டும். பயமுறுத்தினால் மட்டும் நெல் களஞ்சியத்துக்கு வந்து சேராது. அளக்க ஆள் வேண்டும், பதிய ஆள் வேண்டும், ‘நாளைக்குக் கொண்டுவா’ என்று வீடு வீடாகச் சொல்ல ஆள் வேண்டும். இந்த வேலைகளைத் தோற்றவர்களில் யாரோதான் செய்வார்கள். அவர்கள் யார், ஏன் செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

பேரத்துக்குத் திரும்புங்கள். அவிப்பானின் அடியார்களுக்குப் பகலில் கண் தெரியாது. ஆகவே பகல் முழுவதும் உள்ளூர்க்காரர்கள் கையில். இவர்களுக்கு நான் வைத்த பெயர் பகற்கணக்கர்கள். அந்தி சாய்ந்ததும் அடியார்கள் வந்து கணக்குக் கேட்பார்கள். அவர்களால் மையெழுத்தைப் படிக்க முடியாது. எனவே எல்லாக் கணக்கும் கயிற்றில் முடிச்சாக இருக்கும், விரலால் தடவிப் படிப்பார்கள். கயிற்று முடிச்சில் அரசாங்கக் கணக்கு வைப்பது நான் கண்டுபிடித்ததல்ல. எழுத்து இல்லாத இன்கா பேரரசு அதைக் கொண்டே தன் கணக்கு வழக்கை நடத்தியது.

இப்போது இந்தக் காட்சியைப் பாருங்கள். களஞ்சிய வாசல், பொழுது சாயும் நேரம். பகற்கணக்கர் பெண் ஒருத்தி திண்ணையில் கயிற்றை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வண்டியில் வந்தது பன்னிரண்டு மூட்டை. பதினொரு முடிச்சுப் போட்டுவிட்டாள். பன்னிரண்டாவதற்குக் கயிற்றை வளைத்து, வளையத்துக்குள் நுனியை நுழைத்து, இழுக்காமல் அப்படியே பிடித்திருக்கிறாள். வண்டிக்காரன் அவளைப் பார்க்கவில்லை, மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்ப்பதுபோல் நின்றுகொண்டே இருக்கிறான். உள்ளே கதவு திறக்கும் சத்தம். அவள் நுனியை வெளியே உருவிவிட்டு, விரலால் கயிற்றை நீவிவிடுகிறாள்.

கத்தி, ரத்தம், கறுப்புக் கோபுரம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த உலகம் முழுக்க இங்கே இருக்கிறது. அந்த ஒரு மூட்டை யாருக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டு போனால் கதையின் நடுப்பகுதி வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

இந்தப் படியில் இன்னும் இரண்டு கருவிகள் தேவை.

ஒன்று, சான்றுச் சீட்டு. ஆட்சிக்கு மனதுக்குள் பார்க்க முடியாது, எனவே வெளியே தெரியும் ஓர் அடையாளத்தைக் கேட்கும். ரோமப் பேரரசன் டெசியஸ் 250-ஆம் ஆண்டில் எல்லாரும் தெய்வங்களுக்குப் படையலிட்டுச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். ‘எப்போதும் படையலிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன் செய்தேன்’ என்று விண்ணப்பித்து அதிகாரிகளிடம் கையொப்பம் வாங்கிய சீட்டுகள் எகிப்து மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. படையலே இடாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கிய கிறித்தவர்களும் இருந்தார்கள். பிறகு அவர்களை என்ன செய்வது என்று அவர்களது சபைக்குள்ளேயே பெரிய சண்டை. சீட்டு என்று ஒன்று வந்தால் அதை விற்பவன், போலிச் சீட்டு செய்பவன், வாங்கியவனைக் காட்டிக்கொடுப்பவன் என்று பாத்திரங்கள் வரிசையில் வந்து நிற்பார்கள்.

இரண்டு, கூட்டுத் தண்டனை. நார்மன் இங்கிலாந்தில் ஒரு நார்மன் கொலையுண்டு கிடந்து, கொன்றவன் பிடிபடாவிட்டால், அந்த வட்டாரமே அபராதம் கட்ட வேண்டும். செத்தவன் ஆங்கிலேயன்தான் என்று நிரூபித்தால் தப்பலாம். ஊரே கூடி ஒரு பிணத்தை ‘இவன் நம்மாள்தான்’ என்று சாதிக்கும் காட்சியை யோசித்துப் பாருங்கள். சட்டம் ஒரு வரி, அதன் நிழல் ஓர் அத்தியாயம்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, நடுவில் நிற்பவர்களையெல்லாம் துரோகியாக்கிவிடுவது. போஸ்னியாவில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் உஸ்மானிய அரசுக்கு எடுத்துச் செல்லப்பட்ட சொக்கொல்லு மெஹ்மெத் பாஷா, 1565 முதல் 1579 வரை அந்தப் பேரரசின் தலைமை அமைச்சராக இருந்தார். பிறந்த மண்ணின்மேல் கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. அவரைத் துரோகி என்பதா, தியாகி என்பதா? எந்தச் சொல்லும் ஒட்டவில்லை அல்லவா? அப்படி ஒட்டாத ஆட்கள் இரண்டு பேராவது வேண்டும்.

6. ஒரு சாதாரண நாளை எழுதுங்கள்

திருவிழா நாளோ பலி நாளோ வேண்டாம். ஒன்றும் நடக்காத ஒரு நாள். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, ஒரு குடும்பம், இரண்டு பக்கம். இந்தப் பக்கங்கள் நாவலில் வராது. ஆனால் இதை எழுதாதவர்களின் நாவலில் யாரும் சாப்பிடுவதே இல்லை.

எழுதும்போது ஒவ்வொரு தடையையும் மூன்று படி கீழே துரத்துங்கள். இரவில் விளக்கு கூடாது. சரி, விளக்கெண்ணெய் விற்காது. எண்ணெய் விற்காவிட்டால் ஆமணக்கு விதைக்கமாட்டார்கள். ஆமணக்கு இல்லையென்றால் வயலுக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு கிடைக்காது, தோட்டப் பயிர் இளைக்கும். ஆக, தெய்வத்தின் கட்டளை ஒன்று முப்பத்தைந்து ஆண்டில் கத்தரிச்செடியின் உயரத்தைக் குறைத்துவிட்டது. இதை எந்த அடியாரும் யோசித்துச் செய்யவில்லை. ஆட்சியின் விளைவுகளில் பாதி இப்படித்தான், யாரும் நினைக்காமல் வரும்.

மூன்று படிக்குமேல் போக வேண்டாம். நான் ஒரு தடவை ஏழு படி போய்ச் சலவைக்காரர்களின் கூலி விகிதம்வரை எழுதிவிட்டேன். யாருக்கும் உபயோகமில்லை.

உடம்பையும் மறக்காதீர்கள். இருட்டில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு எல்லாம் விரலில்தான் தெரியும். காய்ச்சல் குழந்தையின் உதடு நீலம் பாரித்ததா என்று விடியும்வரை தாய்க்குத் தெரியாது. விடிவதற்காக அவள் காத்திருப்பதை எழுதுங்கள். ‘மக்கள் துயரப்பட்டார்கள்’ என்ற வாக்கியம் அதற்கப்புறம் தேவைப்படாது.

7. பழைய தெய்வங்களை என்ன செய்தார்கள்

இடித்துத் தள்ளினார்கள் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது ஒரு வழிதான். இன்காக்கள் தோற்ற மக்களின் புனிதப் பொருள்களைத் தலைநகர் குஸ்கோவுக்கு எடுத்துச்சென்று மரியாதையோடு வைத்துக்கொண்டார்கள். பிணைக்கைதிகள்! ஊர் கலகம் செய்தால் அவமானம் தெய்வத்துக்கு. இடிப்பதைவிட இது எவ்வளவோ கூர்மையான ஆயுதம்.

வேலை வாங்குவது இன்னொரு வழி. நம் கதைகளில் சூரபத்மன் தேவர்களை வென்றபின் செய்தது என்ன? கடலில் மீன் பிடித்துச் சுமந்து வரச் சொன்னான். கொல்வதைவிட அது வலிக்கும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் தோற்ற தெய்வம் என்ன சுமக்கிறது? என் உலகத்தில் பழைய தீபக் கோயில்தான் இப்போது களஞ்சியம். தீபம் நின்ற கல்தூணில்தான் கணக்குக் கயிறுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஒளித்து வைத்த நம்பிக்கை அப்படியே கெடாமல் இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஜப்பானில் 1614-இல் கிறித்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. குருமார் இல்லாமல் சில குடும்பங்கள் இருநூறு ஆண்டுக்குமேல் மறைவாகக் காத்து வைத்திருந்து, 1865-இல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோயிலில் வந்து தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களது மாதா, கன்னோன் என்ற பௌத்தத் தெய்வத்தின் உருவில் இருந்தாள். பிரார்த்தனைகளின் லத்தீன் சொற்கள் பொருள் தெரியாத ஒலிகளாக மாறிப்போயிருந்தன. 1873-இல் தடை நடைமுறையில் நீங்கியபோது சிலர் பழைய சபையோடு சேரவே இல்லை. முன்னோர் சொன்ன உருவமே சரி என்று இருந்துவிட்டார்கள்.

உங்கள் உலகத்தில் ரகசியமாகக் கும்பிடுகிறவர்களும் இப்படித் தவறாகவே கும்பிடட்டும். என் கதையில் ஒரு பாட்டி நள்ளிரவில் எரியாத விளக்குக்குத் திரியைத் திரிப்பாள், விடிந்ததும் பிரித்துவிடுவாள். ஏற்றுவதுதான் வழிபாடு என்பது பேத்திக்குத் தெரியாது. திரிப்பதும் பிரிப்பதும்தான் பூசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

8. மனதார நம்பும் ஓர் அடியாரைப் படையுங்கள்

கைப்பிரதிகளில் இருக்கும் அடியார்களுக்குத் தாங்கள் கெட்டவர்கள் என்று தெரிந்திருக்கிறது. இரவில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் புரியவில்லை.

பேரத்தைப் பார்த்து, இந்த வரம் யாருக்கு உண்மையிலேயே வரமாக இருக்கும் என்று கேளுங்கள். என் உலகத்தில் விடை உடனே வந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு. பழைய தீபக் கோயிலில் அவளுக்கு வாசல்படிதான் இடம். சத்தியம் செய்த இரவில் முதன்முதலாகத் தன் கையைப் பார்த்தாள். ஐந்து விரலையும் விரித்து மடக்கி விரித்து, விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் களஞ்சியத்தின் தலைமை அடியாள். முடிச்சுப் படிப்பதில் அவள் விரலை யாரும் ஏமாற்ற முடியாது.

அவளிடம் போய் ‘உன் தெய்வம் இருட்டு’ என்றால் என்ன சொல்வாள்? அந்தப் பேச்சை எழுத முடிந்தால் உங்கள் உலகம் நிற்கும். அவளை மனம்மாறி அழவைத்துக் கடைசியில் கொன்றுவிடாதீர்கள். நான்கு கைப்பிரதிகளில் பார்த்துவிட்டேன்.

9. ஆள்பவர்களுக்குள் விரிசல் வையுங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வென்றபோது ஒரே கூட்டமாக இருந்தவர்கள் பங்கு பிரிக்கும்போது இரண்டாவார்கள். படையெடுத்து வந்த முதல் தலைமுறைக்கும் இங்கேயே பிறந்த இரண்டாம் தலைமுறைக்கும் ஒத்துவராது. தெய்வம் பேசினால் யாரிடம் பேசியது என்று சண்டை, பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று சண்டை. அடியார்களின் பிள்ளைகளில் பகல் பார்க்க ஆசைப்பட்டுச் சத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். ஒரே ஒரு பையன் போதும்.

10. பெயர்கள்

இவ்வளவு தூரம் வந்தபின் பெயர் வையுங்கள். முன்னாலேயே வைத்தால் வாயில் நுழையாத மெய்யெழுத்துக் குவியலாகத்தான் வரும், அதுவும் நடுவில் ஒரு மேற்கோள்குறியோடு. தெய்வத்தின் பெயர் அது செய்யும் வேலையிலிருந்து வரட்டும். ‘அவி’ என்றால் வேள்வித் தீயில் இடுவது, ‘அவித்தல்’ என்றால் தீயை அணைப்பது. இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குவதால்தான் அவிப்பான் என்று வைத்தேன்.

மக்கள் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயப்படுவதற்கு நேர்ப்பெயர் உதவாது. பள்ளத்தில் ‘பெரியவர்’ என்பார்கள். மலையடியில் ‘நம்ம சாமி’. யார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே ஆளை அடையாளம் காட்டிவிடலாம்.

11. இப்போது நாயகனையோ நாயகியையோ கூப்பிடுங்கள்

ஏன் இவ்வளவு தாமதம்? முதலிலேயே நாயகனை வைத்தால் உலகம் அவனுக்கு வசதியாக வளைந்துகொடுக்கும். அவன் ஒளிய குகை இருக்கும், காவலன் சரியான நேரத்தில் தூங்குவான். உலகம் முதலில் கெட்டியானால் அவன் அதில் முட்டிக்கொள்வான். அவன் அப்படி முட்டிக்கொள்வதிலிருந்துதான் கதை வரும்.

தீர்க்கதரிசனத்தில் சொல்லப்பட்டவன், அழிந்த அரச வம்சத்தின் கடைசி வாரிசு, இந்த இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஐந்தாம் படியில் நீங்கள் கட்டிய நடுப்பட்டவர்களில் ஒருவரை எடுங்கள். அவருக்கு இழக்க ஏதோ இருக்கிறது, தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. எனக்குத் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சை உருவிய அந்தப் பெண்தான் கிடைத்தாள். உள்ளே கதவைத் திறந்து வந்தவள் எட்டாம் படியின் தலைமை அடியாள் என்று வைத்தேன். அதோடு ஐந்தாம் படியும் எட்டாம் படியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

12. சோதித்துப் பாருங்கள்

கதை எழுதத் தொடங்கும் முன், இந்த உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் வாயால் சொல்லுங்கள். எழுதியதைக் கொடுக்காதீர்கள், சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லி வாதாடக் கூடாது, அது கஷ்டமாகத்தான் இருக்கும்.

‘தெய்வத்தால் அது முடியுமா’ என்று கேட்டால் முதல் படி ஓட்டை. ‘ஏன் யாரும் எதிர்க்கவில்லை’ என்று கேட்டால் ஐந்தாம் படி. ‘எல்லாரும் ஏன் ஊரைவிட்டுப் போய்விடவில்லை’ என்றால் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் திரும்புங்கள். போனவர்களின் நிலம் யாருக்குப் போகிறது என்பதை எழுதாமல் விட்டிருப்பீர்கள்.

நான் சொல்லிக் கேட்டவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “முழுநிலா அன்றைக்கு என்ன செய்வார்கள்?” முப்பத்தைந்து ஆண்டு ஆட்சியை, பலிக்கணக்கை, கத்தரிச்செடியைக்கூட யோசித்த எனக்கு முழுநிலா ஞாபகமே வரவில்லை. மாதத்தில் சில இரவுகள் அடியார்களுக்கும் அரைகுறையாகத்தான் கண் தெரியும், ஊர்க்காரர்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். இருவரும் சமம். கலகம் எந்த இரவில் நடக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.